லென்ஸ் பாதியில் நின்றால் முதலில் பேட்டரியைப் பாருங்கள்

ஆன் செய்ததும் லென்ஸ் பாதி தூரம் வெளியே வந்து நின்றுவிடும். திரையில் 'லென்ஸ் எரர்' என்று காட்டிவிட்டு கேமரா தானாக அணைந்துவிடும். சிறிய டிஜிட்டல் கேமராக்களில் அதிகம் பேரைப் பயமுறுத்தும் கோளாறு இதுதான். கேமராவைத் தூக்கிப் போடும் அளவுக்கு இது எப்போதும் பெரிய விஷயமல்ல.

லென்ஸை நகர்த்தும் மோட்டார் ஓடத் தொடங்கும்போது மின்சாரத்தைச் சட்டென்று இழுக்கும். பேட்டரி பழசாகியிருந்தால் அந்த நொடியில் வோல்டேஜ் சரிந்து மோட்டார் நின்றுவிடும். திரை நன்றாக எரிகிறதே என்று பேட்டரியை நம்ப வேண்டாம்; திரைக்கு அவ்வளவு மின்சாரம் தேவையில்லை. முழுதாகச் சார்ஜ் செய்து, தங்க நிறத் தொடுமுனைகளை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டுப் போட்டுப் பாருங்கள். டபுள் ஏ பேட்டரி போடும் கேமரா என்றால் சாதாரண அல்கலைனை விட ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ஜோடி நன்றாகத் தாங்கும். பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜே செய்யாதீர்கள், மாற்றிவிடுங்கள்.

பேட்டரி சரி என்றால் அடுத்த சந்தேகம் மணல். லென்ஸ் குழாயின் வளையங்களுக்கு நடுவே ஒரு துகள் சிக்கினாலே போதும். லென்ஸ் தரையைப் பார்க்கும்படி கேமராவைப் பிடித்து, ரப்பர் ஊதியால் இடுக்கைச் சுற்றி ஊதுங்கள். மெல்லிய காகிதத் துண்டை இடுக்கில் மேலோட்டமாக ஓட்டி எடுத்தாலும் துகள் வெளியே வரும். டப்பாவில் அடைத்து வரும் அழுத்தக் காற்று வேண்டாம், அது மணலை இன்னும் உள்ளே தள்ளும். கையால் பிடித்து இழுப்பது அதைவிட மோசம்: உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரம் உடையும். கீழே விழுந்து குழாய் கோணலாகியிருந்தால், ஊசி போன்ற சிறு முனை தன் தடத்தை விட்டு விலகியிருக்கும். அதைச் சரிசெய்வது பழுது பார்ப்பவரின் வேலை. வீட்டில் திறக்கக் கூடாது என்பதற்குக் காரணம் ஃப்ளாஷ் கெப்பாசிட்டர், அதாவது ஃப்ளாஷுக்கான மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் பாகம். பேட்டரியைக் கழற்றிய பிறகும் அதில் சுமார் 300 வோல்ட் தங்கியிருக்கும்.

மெமரி கார்டு பக்கம் பெரும்பாலும் சில்லறைத் தொல்லைதான். 'கார்டு பூட்டப்பட்டுள்ளது' என்றால் கார்டின் ஓரத்தில் இருக்கும் சின்னத் தள்ளுபொத்தானைப் பாருங்கள். அது உடைந்து விழுந்திருந்தால் அந்தப் பள்ளத்தின் மேல் மெல்லிய டேப் ஒட்டினால் வேலை செய்யும். பழைய கேமராவில் புது கார்டு வேலை செய்யவில்லையா? எஸ்டி என்ற பழைய வகைக் கார்டை மட்டும் ஏற்கும் கேமராக்களுக்கு 2 ஜிபி வரைதான். 4 முதல் 32 ஜிபி வரை உள்ளவை எஸ்டிஹெச்சி என்ற அடுத்த வகை. வடிவம் ஒன்றாக இருந்தாலும் பழைய கேமரா அதைப் படிக்காது. ஃபார்மட் செய்வதைக் கணினியில் செய்யாமல், படங்களை நகலெடுத்த பின் கேமராவிலேயே செய்யுங்கள்.

ஒவ்வொரு முறையும் தேதி கேட்டால் உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி வடிந்திருக்கிறது. பல மாடல்களில் அது சார்ஜ் ஏறக்கூடியது. முழுச் சார்ஜ் உள்ள பேட்டரியை ஒரு நாள் உள்ளேயே விட்டுவைத்தால் சரியாகும்.

ஃப்ளாஷ் படத்தில் வெள்ளை வட்டங்கள் தெரிந்தால் அது கோளாறே இல்லை, லென்ஸுக்கு அருகில் மிதக்கும் தூசியில் வெளிச்சம் பட்டுத் திரும்புகிறது. எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் மங்கலான கறுப்புப் புள்ளி வந்தால்தான், லென்ஸுக்குப் பின்னால் ஒளியைப் படமாக மாற்றும் சென்சாரில் தூசி. படம் முழுக்க ஊதாக் கோடுகளா? பழைய படங்களைத் திரையில் ஓட்டிப் பாருங்கள். அவை தெளிவாக இருந்தால் திரை நன்றாக இருக்கிறது, பழுது சென்சார் பக்கம்.