பெரட்டுக்கு நேரமாச்சு

காலை நாலரை மணிக்கு அம்மா எழுந்துவிடுவார். "அடியே, பெரட்டுக்கு நேரமாச்சு, கூடையை எங்க வச்ச?" என்று என் போர்வையைப் பிடித்து இழுப்பார்.

பெரட்டு என்றால் தேயிலைத் தோட்டத்தில் காலையில் ஆட்களை நிறுத்திவைத்து வேலை பிரித்துக் கொடுக்கும் இடம். வெள்ளைக்காரன் 'பரேடு' என்றதை எங்கள் ஆட்கள் பெரட்டு ஆக்கிவிட்டார்கள். பிந்திப் போனால் அரைப்பேருதான் போடுவார்கள், அதாவது பாதி நாள் கூலி. அம்மா கடைசியாகப் பெரட்டில் நின்றது 2005-இல். இப்போது வயது 78. ஆனால் நாலரை மணிக்கு அவர் கோத்தகிரியில் இருப்பதில்லை. இலங்கையில், பொகவந்தலாவை லயத்தில், அதாவது தோட்டத்து ஆட்களின் வரிசை வீட்டில், கல்யாணமான புதிதில் இருக்கிறார்.

1964-இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில், அங்கிருந்த தோட்டத் தமிழர்களில் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியா எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. அந்தக் கணக்கில் இரண்டு பேராக அம்மாவும் அப்பாவும் 1973-இல் தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் கிடந்து, அப்புறம் நீலகிரிக்கு வந்தார்கள். அரசுத் தேயிலைத் தோட்டமான டேன்டீயில் வேலை. நான் பிறந்தது இங்கே, லைன் வீட்டில். அதனால் பொழுது சாயும்போது அம்மா துணியை மூட்டை கட்டிக்கொண்டு "வீட்டுக்குப் போகணும்" என்றால், எந்த வீடு என்று எனக்குத் தெரியும். ஆரம்பத்தில் "இதுதாம்மா உன் வீடு" என்று மல்லுக்கட்டினேன். ஏமாற்றுகிறவளைப் பார்ப்பது மாதிரி பார்ப்பார்.

மறதி என்று முதலில் காட்டிய டாக்டர் "வயசானா அப்படித்தாம்மா" என்று சத்து டானிக் எழுதிக்கொடுத்தார். ஒன்றரை வருஷம் அந்த டானிக்கிலேயே போனது. பிறகு மலையிறங்கி கோயம்புத்தூரில் ஒரு நரம்பு டாக்டரிடம் போனோம். பி12 குறைந்தாலும், தைராய்டு கெட்டாலும், மனச்சோர்வு வந்தாலும் மறதி வரும், அதெல்லாம் சரிப்படுத்தக்கூடியது, முதலில் அதைப் பார்ப்போம் என்று ரத்தமும் ஸ்கேனும் எழுதினார். இந்த ஒரு வாக்கியத்தை முதல் டாக்டரே சொல்லியிருக்கலாம்.

அங்கேதான் கடிகாரக் கூத்து. ஒரு வட்டம் போட்டு, எண்களை எழுதி, பதினொன்று பத்துக்கு முள் வரையச் சொன்னார்கள். அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை, கைநாட்டு. நேரம் என்றால் பேக்டரி சங்குதான். பேனாவைக் குத்தூசி மாதிரி பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். இதற்கு எப்படி மார்க் போடுவது? டாக்டர் புரிந்துகொண்டு பேப்பரை ஓரமாக வைத்துவிட்டு என்னிடம் கேட்டார்: குழம்புக்கு உப்பு இரண்டு தடவை போடுகிறாரா, கடையில் மீதிச் சில்லறை சரியாக வாங்குகிறாரா, தெரிந்த பாதையில் தடுமாறுகிறாரா? மூன்றுக்கும் ஆமாம். அல்சைமர் என்றார். டோனபெசில் மாத்திரை குணமாக்காது, கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்க உதவலாம், அவ்வளவுதான் என்று ஒளிக்காமல் சொன்னார்.

நான்தான் ஊரில் ஒளித்தேன். மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம். குடும்பத்தில் புத்தி பேதலித்தவர் இருக்கிறார் என்று பேச்சு கிளம்பிவிடுமோ என்று பயம். யாராவது கேட்டால் "அம்மாவுக்கு முட்டிவலி, வெளிய வர்றதில்ல" என்பேன்.

மார்கழியில் ஒருநாள் விடியற்காலை தாழ்ப்பாள் திறந்து கிடந்தது. வெளியே புல்லெல்லாம் உறைபனி. அம்மா கொழுந்து கிள்ளப் போகிறவர் மாதிரி தலையில் கம்பளியைக் கொங்காணி போட்டு மூடிக்கொண்டு, இடுப்பில் பழைய படங்குத் துணியைக் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்திருக்கிறார். பால் வண்டிக்காரர் பார்த்து நிறுத்தியிருக்கிறார். பத்தடி தள்ளி ரோட்டோரம் காட்டெருமை இரண்டு நின்றனவாம். கரடி நடமாட்டமும் உள்ள இடம். அவருக்கு இது யாருடைய அம்மா என்று தெரியவில்லை. எப்படித் தெரியும்? நான்தான் அம்மாவை வெளியே காட்டாமல் வைத்திருந்தேனே. முக்கால் மணி நேரம் வண்டியில் உட்காரவைத்து வீடு வீடாகக் கேட்டிருக்கிறார்.

அன்று சாயங்காலமே ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போய்ச் சொன்னேன். மளிகைக்கடையில், பேக்கரியில், சர்ச் காவலாளியிடம் சொன்னேன். அம்மாவின் ஸ்வெட்டர்கள் எல்லாவற்றிலும் கழுத்துக்கு உள்பக்கம் என் போன் நம்பரைத் தைத்தேன். வரன் கதை? அந்த வீட்டுப் பாட்டிக்கும் இதேதான் என்று பின்னால் தெரிந்தது. அவர்களும் முட்டிவலி என்றுதான் சொல்லிவந்தார்களாம்.

2023-இல் வந்த ஒரு நாடு தழுவிய ஆய்வு, அறுபது தாண்டிய இந்தியர்களில் நூற்றுக்கு 7.4 பேருக்கு டிமென்ஷியா, அதாவது அல்சைமர் மாதிரியான மறதி நோய், என்கிறது. சுமார் 88 லட்சம் பேர். எங்கள் தெருவில் அறுபது தாண்டியவர்கள் பதினாலு பேர். கணக்குப்படி ஒருத்தர் இருக்க வேண்டும், அம்மா இருக்கிறார். மற்ற தெருக்களின் ஆட்கள் எல்லாம் எந்தக் கதவுக்குப் பின்னால் முட்டிவலியோடு இருக்கிறார்களோ!

இப்போது அம்மா ஆட்டோ ஸ்டாண்டு வரை போனால், அங்கே இருக்கும் பையன் ஒருத்தன், வயது இருபத்தைந்து இருக்கும், "பாட்டி, இன்னைக்கு பெரட்டு கலைஞ்சிருச்சு. மழைன்னு தொரை லீவு விட்டுட்டாரு" என்கிறான். அம்மா வானத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடுகிறார். இந்தப் பேச்சை யாரும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை. அவன் அப்பாயியும் தோட்டத்து ஆள்.

கஷ்டம் எல்லாம் காகிதத்தில்தான். அம்மாவின் பி.எஃப். பென்ஷன் ஆயிரத்துச் சொச்சம். வருஷாவருஷம் உயிரோடு இருப்பதற்கு ரேகை வைக்க வேண்டும். முப்பது வருஷம் கொழுந்து கிள்ளிய விரலில் ரேகை எங்கே இருக்கிறது? மெஷின் எடுக்கவில்லை. முகத்தைக் காட்டியே பதியலாம் என்ற வசதி வந்த பிறகுதான் அது தீர்ந்தது. வங்கியில் வேறு மாதிரி. வரிசையில் அத்தனை பேர் நடுவில் "உங்க பேர் என்னம்மா?" என்று அதிகாரி சத்தமாகக் கேட்க, அம்மா பதறிப்போய்ப் தோட்டத்துக் கூலிப் பதிவேட்டில் இருந்த பழைய செக்ரோல் நம்பரைச் சொன்னார். சிரித்தார்கள். சுயநினைவில்லாதவர் கணக்கில் நான் பணம் எடுக்க முடியாது என்றார் அதிகாரி.

பவர் எழுதி வாங்கலாமா என்று வக்கீலிடம் கேட்டேன். பவர் கொடுத்தவரின் புத்தி தெளிவில்லாமல் போனால் பவரும் செல்லாது என்றார். அதாவது எப்போது தேவைப்படுமோ அப்போது உதவாது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு என்றால் 1999-இன் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்டக் குழுவே காப்பாளரை நியமிக்கலாம். டிமென்ஷியா அதில் வரவில்லை. காப்பாளராக்கச் சொல்லி, ஆயிரம் ரூபாய்க்கு ஹைகோர்ட் போகவா? நோய் தெரிந்த உடனேயே, அம்மா தெளிவாக இருந்த நாட்களில், ஜாயின்ட் கணக்காக மாற்றியிருக்கலாம். அந்த நாட்களைத்தான் டானிக் தின்றுவிட்டது.

மாற்றுத்திறனாளி அட்டைக்கு அலைந்தபோது திருப்பூரிலிருக்கும் தம்பியோடு பெரிய சண்டை. 2016 சட்டத்தில் மனநோய் என்பதற்கான விளக்கத்திலேயே நினைவாற்றல் கோளாறும் வருகிறது, நாற்பது சதவீதம் இருந்தால் சான்றிதழ் உண்டு. "அம்மாவைப் பைத்தியம்னு எழுதி வாங்கப் போறியா? போன்ல நல்லாத்தானே பேசுது" என்றான். போனில் அம்மா நன்றாகத்தான் பேசுவார். "சாப்டியா, பிள்ளைங்க நல்லாருக்கா" என்ற இரண்டு நிமிஷம் யாருக்கும் கடைசியில்தான் அழியும் போல. நான் பதில் பேசவில்லை. ஒரு வாரம் வந்து இருடா என்றேன். வந்தான். மூன்றாம் நாள் காலை நாலரைக்கு அவன் போர்வையை இழுத்து, "கங்காணி அண்ணே, பேரு போட்டுருங்க" என்றார் அம்மா. அன்று மதியம் மெடிக்கல் போர்டுக்கு வேண்டிய ஜெராக்ஸ் எல்லாம் அவனே எடுத்துவந்தான்.

மக்களைத் தேடி மருத்துவத்தில் பி.பி., சுகர் மாத்திரை கொண்டுவரும் அக்கா தெருத்தெருவாக ஏறி இறங்குகிறவர். உப்பு, சில்லறை, பாதை என்று அந்த மூன்று கேள்வியையும் அவரையே கேட்கச் சொன்னால் எத்தனை டானிக் மிச்சமாகும்! அவரிடமே சொன்னேன். "எங்க படிவத்துல அந்தக் கட்டம் இல்லையே" என்றார். ஆனாலும் கீழ்த்தெருவில் இரண்டு வீட்டில் கேட்டிருக்கிறார்.

சாயங்காலம் மூட்டை கட்டும் நேரத்துக்குச் சரியாக நான் கீரைக்கட்டோடு உட்கார்ந்துவிடுகிறேன். அம்மாவின் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் தானாக வேலையில் இறங்கிவிடும். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளி, பார்க்காமலே தோளுக்குப் பின்னால் எறிவார். அங்கே கூடை இல்லை, என் பெண் முறத்தை ஏந்திக்கொண்டு நிற்பாள். நான் இலை பேக்டரியில் கணக்கு எழுதுகிறவள், நிறுவை என் தொழில். "எத்தன கிலோ?" என்று கேட்பார்.

"பதினெட்டும்மா."

"இருபது இருக்கும். தண்ணிக்கழிவுன்னு வெட்டிட்டானா?"

சரி, இருபது போட்டாச்சு என்றேன். நோட்டைக் காட்டச் சொன்னார். காட்டினேன்.