47ஆம் கூற்றிலிருந்து கீழ்நோக்கி: யூக்ளிடைப் படிக்க ஒரு வழி

கி.மு. 300ஐ ஒட்டி அலெக்சாந்திரியாவில் கிரேக்கக் கணிதவியலாளர் யூக்ளிட் தொகுத்த ‘எலிமென்ட்ஸ்’ என்ற கணித நூல் 13 புத்தகங்களைக் கொண்டது. வடிவியல் நிரூபணங்களை மனப்பாடம் செய்து சலித்த மாணவர்கள் அதன் முதற்புத்தகத்தையாவது முழுமையாகப் படிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 23 வரையறைகள், நிரூபணமின்றி ஏற்கப்படும் 5 எடுகோள்கள், 5 பொதுக் கருத்துகள், அவற்றின்மேல் நிரூபித்து எழுப்பப்பட்ட 48 கூற்றுகள், அவ்வளவுதான் அதன் அளவு.

முதல் பக்கத்திலிருந்து தொடங்கினால் வரையறைகளைக் கடப்பதற்குள் ஆர்வம் குன்றிவிடும் என்பதால், நான் 47ஆம் கூற்றிலிருந்து தொடங்கினேன். அது நாம் பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றம்தான். செங்கோண முக்கோணத்தின் மூன்று பக்கங்களின்மேலும் சதுரங்கள் வரைந்து, செங்கோண உச்சியிலிருந்து கர்ணத்துக்குச் செங்குத்தாக ஒரு கோட்டை இறக்கி, கர்ணத்தின் மேலுள்ள சதுரத்தை இரண்டு செவ்வகங்களாகப் பிரிக்கிறார் யூக்ளிட். ஒவ்வொரு செவ்வகமும் அதன் பக்கத்திலுள்ள சிறிய சதுரத்துக்குப் பரப்பில் சமம் என்று காட்டுவதே நிரூபணம். முக்கோணங்கள் சர்வசமம் என்பதற்கு 4ஆம் கூற்றும், ஒரே அடிப்பக்கத்தில் ஒரே இணைகோடுகளுக்கிடையே அமைந்த இணைகரம் முக்கோணத்தின் இருமடங்கு என்பதற்கு 41ஆம் கூற்றும் வேண்டும். 41க்கு 34உம் 37உம் வேண்டும். சதுரம் வரைவதற்கே 46 வேண்டும். இப்படி ஒவ்வொன்றாகக் கீழிறங்கி, எது எதைத் தாங்கி நிற்கிறது என்பதைப் பெரிய தாளொன்றில் அம்புக்குறிகளால் வரைந்துகொள்ளுங்கள்.

அந்த வரைபடம்தான் எனக்கு 16ஆம் கூற்றின் அருமையைக் காட்டியது. முக்கோணத்தின் வெளிக்கோணம் உள்ளெதிர்க் கோணங்கள் ஒவ்வொன்றையும்விடப் பெரியது என்கிறது 16. அவ்விரண்டின் கூடுதலுக்கே சமம் என்கிறது 32. வலிமையான முடிவு பின்னால் வரும்போது வலிமை குறைந்ததை ஏன் முன்னால் தனியே நிறுவ வேண்டும்? 32க்கு இணைகோடுகளைப் பற்றிய ஐந்தாம் எடுகோள் தேவை, 16க்குத் தேவையில்லை என்பதே விடை. அந்த எடுகோளை யூக்ளிட் முதன்முதலில் பயன்படுத்துவது 29ஆம் கூற்றில்தான். அதுவரை அதைத் தொடாமலேயே 28 கூற்றுகளைக் கட்டிமுடித்துவிடுகிறார். ஐந்தாம் எடுகோளைக் கைவிட்டு 1829இல் லோபசெவ்ஸ்கி, 1832இல் போயாய் என்ற கணிதவியலாளர்கள் வெளியிட்ட புதிய வடிவியலில் முக்கோணத்தின் கோணங்கள் 180 பாகைக்குக் குறைந்தாலும், அந்த 28 கூற்றுகளும் அப்படியே நிற்கின்றன. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

தேர்வுக்கு இந்தப் பழக்கம் நேரடியாக உதவுகிறது. நிரூபணத்தின் ஒவ்வொரு வரிக்கும் எதிரே அதன் காரணத்தை எழுதுங்கள். காரணம் எழுத வராத வரி, நீங்கள் படத்தைப் பார்த்து நம்பிக்கொண்ட வரியாக இருக்கக்கூடும். யூக்ளிடிடமே அத்தகைய இடம் உண்டு: சமபக்க முக்கோணம் வரையும் முதற்கூற்றில் இரண்டு வட்டங்கள் வெட்டிக்கொள்ளும் என்று அவர் எடுத்துக்கொள்வதை அவருடைய எடுகோள்கள் எதுவும் உறுதிசெய்யவில்லை. இத்தகைய இடங்களைக் கண்டறிய முயல்வதே நல்ல பயிற்சி.

முதற்புத்தகம் முடிந்ததும் மூன்றாம் புத்தகத்துக்குச் செல்லுங்கள். மையக்கோணம் பரிதிக்கோணத்தின் இருமடங்கு, வட்ட நாற்கரத்தின் எதிர்க்கோணங்களின் கூடுதல் இரண்டு செங்கோணங்கள், அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம் என்று பள்ளிப் பாடத்தின் வட்டத் தேற்றங்கள் 20, 22, 31ஆம் கூற்றுகளாக அங்கே இருக்கின்றன. விகிதமுறா அளவுகளைப் பற்றிய பத்தாம் புத்தகம் நீண்டது, கடினமானது. அதைக் கடைசிக்கு விட்டுவிடலாம்.