பென் டிரைவில் இணையத்தளம் இருக்காது: இடம் மாற்றியபோது பட்ட பாடு

எங்கள் வாசிகசாலைச் சங்கத்தின் இணையத்தளம், வேறு சேர்வருக்கு இடம் மாற்றப்போய், மூன்று கிழமை மூடிக்கிடந்து போன ஞாயிறு இரவுதான் திறந்தது. முதலில் செய்து தந்த வெள்ளவத்தைக் கடை, "எல்லாம் இதுக்குள்ள இருக்கு" என்று ஒரு பென் டிரைவைத் தந்தது. அதில் இருந்தவை கோப்புகள் மட்டுந்தான்.

இணையத்தளம் ஒரே பொருள் இல்லை. பெயர், அதாவது டொமைன், ஓரிடத்தில் பதிவாகியிருக்கும். கோப்புகள் ஹோஸ்டிங் சேர்வரில், அதாவது எந்நேரமும் இணையத்தில் இருக்கும் வாடகைக் கொம்பியூட்டரில், கிடக்கும். இந்தப் பெயர் எந்தச் சேர்வருக்குப் போகவேண்டும் என்று சொல்வது டிஎன்எஸ். எங்கள் டாட் எல்கே (.lk) பெயர் கடைக்காரரின் மின்னஞ்சலில் பதிந்திருந்தது. அந்தக் கணக்குக்குள் போகாமல் நேம்சேர்வரை, அதாவது எங்கள் பெயருக்கான டிஎன்எஸ் விடையைத் தரும் சேர்வரை, மாற்ற வழியில்லை. புறக்கோட்டையிலிருந்து 100ஆம் இலக்க பஸ்ஸில் அந்தக் கடைக்கு இரண்டு தரம் போனோம். முதல் தரம் பொறுப்பானவர் லீவு. இரண்டாம் தரம் சங்கக் கடிதத்தில் செயலாளரின் கையொப்பமும் முத்திரையும் வேண்டுமென்றார்கள். போகும்போதே கடிதத்தைக் கொண்டுபோங்கள். பதிவு மின்னஞ்சலைச் சங்கத்தின் பெயருக்கு மாற்றி, உள்ளே நுழைந்து பார்த்தபிறகே கடையை விட்டு இறங்குங்கள்.

நேம்சேர்வரை மாற்றினால் சிலருக்குப் பழைய தளமும் சிலருக்குப் புதியதும் தெரியும். டிஎன்எஸ் தந்த பழைய விடை அங்கங்கே சேமித்து வைக்கப்பட்டிருப்பதே காரணம். 48 மணி நேரமாவது பழைய ஹோஸ்டிங்கை நிறுத்தவேண்டாம்.

புதிய சேர்வரில் கோப்புகளை ஏற்றியதும் 403, அதாவது அனுமதி இல்லை, என்று வந்தது. பென் டிரைவில் இருந்த போல்டரை அப்படியே, தளத்தின் கோப்புகள் இருக்கவேண்டிய பப்ளிக் எச்டிஎம்எல் என்ற போல்டருக்குள் போட்டிருந்தோம். முகவரியைத் திறந்தால் சேர்வர் அந்த இடத்தில்தான் முகப்புப் பக்கமான இன்டெக்ஸ் கோப்பைத் தேடும்; அதுவோ ஒரு படி உள்ளே கிடந்தது. உள்ளே இருந்தவற்றை வெளியே எடுத்ததும் முகப்பு வந்தது.

பிறகு படங்கள். விண்டோஸுக்கு ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்று. லினக்ஸ் சேர்வருக்கு வேறு வேறு. கோப்பின் பெயர் பெரிய எழுத்தில் தொடங்க, பக்கத்தில் சிறிய எழுத்தில் எழுதியிருந்தால் 404, அதாவது கோப்பு இல்லை என்ற பிழைதான். எல்லாப் பெயர்களையும் சிறிய எழுத்தாக்கி, இடைவெளிக்குப் பதில் சிறுகோடு போட்டோம். இன்னும் சில படங்களின் பாதை கடைக் கொம்பியூட்டரின் சி டிரைவைக் காட்டியது. அவை அந்தக் கொம்பியூட்டரில் மட்டுமே தெரியும். கடையில் காட்டியபோது எல்லாம் சரியாக இருந்தது அதனால்தான். கையேற்குமுன் உங்கள் போனில் திறந்து பாருங்கள்.

ஆகக் கூடிய நேரத்தைத் தின்றது பாமினி. பழைய அறிவித்தல்கள் எல்லாம் அந்த எழுத்துருவில் தட்டியவை. அதில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் தமிழ் வடிவங்கள் உட்கார்ந்திருக்கும். எழுத்துரு இல்லாத போனில் வெறும் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும், தேடலிலும் அகப்படாது. எல்லாப் போனிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றுங்கள், ஆனால் ஒட்டுமொத்தமாக மாற்றினால் இடையில் உள்ள மின்னஞ்சல் முகவரிகளும் தமிழாகிச் சிதைந்துவிடும். அவற்றை முதலே பிரித்து வைக்கவேண்டும். பக்கத்தின் தலைப்பகுதியில் யூடிஎஃப்-8 (யூனிகோடு எழுத்துகளைச் சேமிக்கும் முறை) என்ற வரியும் இருக்கவேண்டும்.

பழைய பக்க முகவரிகளைத் திறப்பவர்களைப் புதியவற்றுக்கு அனுப்பும் 301 போட்டாயிற்று. பாதுகாப்பான இணைப்புக்கு (எச்டிடிபிஎஸ்) எங்களுக்குக் கிடைத்த இலவசச் சான்றிதழ் 90 நாளுக்குத்தான். தானாகப் புதுப்பிக்கும்படி அமைத்தோம். டொமைன் கட்டணம் முடியும் திகதியைச் செயலாளரும் பொருளாளரும் தங்கள் போனில் குறித்துக்கொண்டார்கள்.