பெயர் எழுதப்படாதவர்கள்

மருத்துவமனைக்குக் கிளம்பும் முன் வேதாகமத்தில் ஒரு அதிகாரம் வாசிப்பது என் பழக்கம். வார்டுப் பொறுப்பு என்னிடம் வந்த பிறகு அடிக்கடி திரும்பிப் போவது 2 இராஜாக்கள் 5-க்குத்தான். நாகமானின் கதை.

சீரியாவின் படைத்தலைவன். வெற்றியும் ராஜாவின் மதிப்பும் இருந்தன, கூடவே குஷ்டரோகமும். சுகம் தேடிப் போகும்போது 10 தாலந்து வெள்ளி, 6,000 சேக்கல் பொன், 10 மாற்று வஸ்திரங்கள் கொண்டுபோனான். தீர்க்கதரிசி எலிசாவோ வெளியே வரவே இல்லை. ஆளனுப்பி, யோர்தான் ஆற்றில் 7 தரம் முழுகச் சொன்னார். நாகமானுக்குக் கடுங்கோபம். தமஸ்குவின் ஆப்னாவும் பர்பாரும் இதைவிட நல்ல நதிகள் இல்லையா என்று சொல்லித் திரும்பிவிட்டான்.

பிரசங்கங்களில் பெரும்பாலும் அந்த 7 முழுக்கைத்தான் பேசுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அவனைச் சுற்றி இருந்தவர்கள். சமாரியாவில் தீர்க்கதரிசி இருக்கிறார் என்று சொன்னது, சிறைபிடித்துக் கொண்டுவரப்பட்ட ஒரு சிறுபெண். கோபமாகப் போனவனிடம் "தகப்பனே" என்று பேசி மனதை மாற்றியது அவனுடைய ஊழியக்காரர்கள். யாருடைய பெயரும் எழுதப்படவில்லை. அவர்கள் சொன்னதை அவன் காதுகொடுத்துக் கேட்டானே, தாழ்மை அங்கேயே தொடங்கிவிட்டது என்பேன். ஆற்றில் இறங்கியது அதற்கு அப்புறம்தான்.

வார்டில் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒருநாள் துப்புரவு வேலை செய்யும் அக்கா, "அந்தத் தாத்தா காலையில நல்லாப் பேசினாரு சிஸ்டர், இப்ப வார்த்தை குழறுது" என்றார். ரவுண்ட்ஸ் முடித்துப் போய்க்கொண்டிருந்த மூத்த மருத்துவரைக் கூப்பிட்டேன். அவர் வந்து நோயாளியைப் பார்த்துக்கொண்டே அந்த அக்காவிடம், "கடைசியா எப்போ நல்லாப் பேசினார்? நீங்கதான் சொல்லணும்" என்று கேட்டார். பக்கவாதத்தில் அந்த நேரம் தெரிவது பெரிய விஷயம். ரத்தக்கட்டைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக அறிகுறி தொடங்கி 4.5 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். அக்காவுக்கு நேரம் சரியாக நினைவிருந்தது. ஸ்கேன் எடுத்து, மருந்தும் கொடுத்தார்கள். அந்த மருத்துவர் மேல் எனக்கு இருக்கும் மரியாதை அவர் படிப்பினால் மட்டும் வந்ததல்ல.

லூக்கா 7-இல் வரும் நூற்றுக்கு அதிபதியும், அதாவது நூறு படைவீரர்களின் தலைவனும், இப்படித்தான். யூதரின் மூப்பர்கள் அவனைப் பாத்திரன், தகுதியுள்ளவன், என்கிறார்கள். அவனோ இயேசுவிடம், நீர் என் வீட்டுக்குள் வர நான் பாத்திரன் அல்ல, ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று சொல்லியனுப்புகிறான். அதுவும் வியாதியாயிருந்த தன் வேலைக்காரனுக்காக! இஸ்ரவேலிலும் இப்படிப்பட்ட விசுவாசத்தைக் காணவில்லை என்றார் இயேசு. அவருடைய வார்த்தை போதும் என்று நம்புகிறவனுக்குத் தன் தகுதியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டிய அவசியம் இல்லை.

நாகமான் சுகமாகி எலிசாவிடம் திரும்பி வந்து, தன்னை "உமது அடியேன்" என்கிறான். அந்தச் சிறுபெண்ணுக்கு என்ன ஆனது என்று வேதம் சொல்லவில்லை. எனக்கு அது மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஷிப்ட் மாறும்போது, கோப்புகளைத் திறப்பதற்கு முன்னால், வார்டைச் சுத்தம் செய்தவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்கிறேன்.