சாலைக்கு எட்டாத இடம்: ஒரு கூப்பு ரோட்டோடு மல்லுக்கட்டு

ஒருவழியாக என் வரைபடத்தில் சிவப்புத் திட்டு, அதாவது சாலைக்கு மிகத் தொலைவான இடத்தின் குறி, நகராமல் நின்றுவிட்டது. தமிழ்நாட்டில் வண்டி ஓடும் எந்தப் பாதையிலிருந்தும் அதிகத் தொலைவில் இருக்கும் காடு எது என்ற கணக்கைத்தான் சொல்கிறேன். முன்பெல்லாம் ஒரு தடத்தைத் திருத்தினால் முதலிடம் மேகமலை பக்கம் பெரியாறு எல்லைக்கு ஓடும், இன்னொன்றைத் திருத்தினால் வால்பாறைக்கு மேலே கிராஸ் ஹில்ஸில் போய் உட்காரும். இப்போது சந்தேகமான தடங்களைச் சேர்த்தாலும் நீக்கினாலும் ஒரே மலைதான் வருகிறது. காரையாறு அணைக்குத் தென்மேற்கே, பொதிகையின் கிழக்குச் சரிவு. தாமிரபரணி பிறக்கும் பூங்குளத்தைச் சுற்றிய காடு. களக்காடு முண்டந்துறை 1988இல் மாநிலத்தின் முதல் புலிகள் காப்பகமானது. அதிலும் உள்ளே தள்ளி இருக்கிற பகுதி இது.

க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் சாலைகளை ராஸ்டராக்கி, அதாவது சின்னச் சின்னக் கட்டங்களாக்கி, ஒவ்வொரு கட்டத்துக்கும் சாலை எவ்வளவு தூரம் என்று கணக்கிடும் பிராக்சிமிட்டி ஓட்டுவதெல்லாம் இந்தப் பைத்தியம் பிடித்தவர்களுக்குத் தெரிந்த வேலை, அதை விட்டுவிடுகிறேன். இரண்டே விஷயம். உலகை மண்டலங்களாகப் பிரித்துத் தட்டையாக்கும் யூடிஎம் முறையில் 43ஆம், 44ஆம் மண்டலங்களுக்கு நடுவில் இருக்கும் 78 டிகிரி தீர்க்கக்கோடு மதுரைக்குச் சற்று மேற்கே மாநிலத்தை இரண்டாக வெட்டிக்கொண்டு போகிறது. எந்தப் பக்கத்து மண்டலத்தை எடுப்பது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். தமிழ்நாட்டுக்கென்றே ஒரு லாம்பர்ட் புரொஜெக்‌ஷன் இருக்கிறது, அதன் குறியீட்டு எண் இபிஎஸ்ஜி 7785, அதைப் போட்டால் போதும். அடுத்தது, சாலைத் தரவை மாநில எல்லையோடு வெட்டாதீர்கள். மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், போனக்காடு வரை பஸ் வருகிறது. கேரளச் சாலைகளை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் மேற்குத் தொடர்ச்சி மலை முழுக்கச் சிவப்பாக ஜொலிக்கும். அப்படி ஜொலிக்கும் படங்களை நிறையப் பார்த்தாயிற்று. சாலைத் தரவு கிடைக்கும் ஜியோஃபேப்ரிக் தளத்தில் தென்மண்டலக் கோப்பை அப்படியே இறக்கி, கணக்கெல்லாம் முடிந்த பிறகு எல்லையை வெட்டுவதுதான் ஒழுங்கு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் கணக்கில் சேர்க்கவில்லை. கடலைத் தாண்டிய தொலைவு வேறு சமாசாரம்.

சரி, உண்மையான தலைவலிக்கு வருவோம். யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் 'டிராக்' என்று போட்டிருக்கும் கோடுகள். ஊர்ப்புறத்தில் அது வயலுக்குப் போகும் வண்டிப்பாதை, சந்தேகமே இல்லை. காட்டுக்குள் அதே கோடு ரோந்து ஜீப் போகும் பாதையாக இருக்கலாம், தீத்தடுப்புக் கோடாக இருக்கலாம், யானைத் தடமாக இருக்கலாம், மரம் வெட்டிய காலத்தில் அதை லாரியில் ஏற்றிப் போகப் போட்ட கூப்பு ரோடாகவும் இருக்கலாம். செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து வீட்டிலிருந்தே கோடு இழுத்தவருக்கு எல்லாம் ஒன்றுதான். நமக்கு அப்படி இல்லை. சரிவின் நடுவே ஒரே ஒரு பொய்க்கோடு போதும், சுற்றிலும் உள்ள காடு மொத்தமும் போட்டியிலிருந்து விழுந்துவிடும்.

மூலத் தரவில் கை வைக்கவில்லை. என் பிரதியின் அட்டவணையில் ஒரு நெடுவரிசை சேர்த்து, வண்டி ஓடுமா என்ற கேள்விக்கு 'ஆம்', 'இல்லை', 'சந்தேகம்' என்று ஒவ்வொரு கோட்டுக்கும் எதிரே எழுதினேன். கண் பூத்துப்போகும் வேலை. தீத்தடுப்புக் கோட்டைப் பிடிப்பது சுலபம். ஏற்றம் இறக்கம் பார்க்காமல் மலைமுகட்டோடு ஓடும். கோடைக்கு முன்னால் சுத்தம் செய்வதால் பிப்ரவரிப் படத்தில் பளிச்சென்று தெரிந்து, மழை முடிந்த படத்தில் மங்கிவிடும். ஆனால் இந்த மலையில் மேகமில்லாத சென்டினல் செயற்கைக்கோள் படம் கிடைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. தென்மேற்கும் பெய்யும், வடகிழக்கும் பெய்யும். பிப்ரவரி, மார்ச்சை விட்டால் வெள்ளைப் பஞ்சைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கிடைத்த படத்திலும் ஒரு பிக்ஸல் பத்து மீட்டர். சோலைக்காட்டு விதானத்துக்குக் கீழே லாரியே நின்றாலும் தெரியாது.

யானைத் தடம்தான் எமகாதகம். யானை செங்குத்தாக ஏறுவதில்லை, நல்ல சாய்வு பார்த்துத்தான் நடக்கும். ஆகையால் அதன் தடமும் பொறியாளர் போட்ட ரோடு மாதிரியே வளைந்து வளைந்து போகும். 2000இல் விண்கலத்திலிருந்து எடுத்த எஸ்ஆர்டிஎம் உயரத் தரவை அடியில் வைத்து, கோடு கோடாகச் சாய்வைக் கணக்கிட்டுப் பார்த்தேன். ஆறுக்கு ஒன்றைவிடச் செங்குத்தாக நெடுந்தூரம் ஏறினால் மரம் ஏற்றிய லாரி அதில் ஓடியிருக்காது என்பது நானே வைத்துக்கொண்ட விதி. கொண்டை ஊசி வளைவு தெரிந்தால் அது கண்டிப்பாக மனிதன் வெட்டியது. இதிலேயே பாதிக்கு மேல் கழிந்துவிட்டது.

கழியாமல் அடம்பிடித்தது கோதையாறு மேல்பகுதிக்கு வடக்கே ஒரு கோடு. சாய்வு சரி, வளைவு சரி, எல்லாப் பரீட்சையிலும் ரோடு என்றே தேறியது. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டப் பக்கம் அந்தக் காலத்தில் ஜீப் ஓட்டிய ஒரு அண்ணாச்சியிடம் வரைபடத்தை நீட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இது பழைய கூப்பு ரோடுல்லா தம்பி. பாலம் போயி எத்தனையோ வருசமாச்சு. இப்ப யானைதான் அதுல போகுது" என்றார். செயற்கைக்கோள், சாய்வு விதி எல்லாம் சேர்ந்து முடிக்காததை இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டார். ஆனாலும் 'இல்லை' என்று எழுத மனம் வராமல் 'சந்தேகம்' என்றே போட்டு இரண்டு விதமாகவும் ஓட்டினேன். அந்த இரண்டு ஓட்டத்திலும்தான் முதலிடம் மாறவில்லை.

அண்ணாச்சியிடம் காட்டிய அந்த அச்சுப் பிரதி வந்த கதையைச் சொல்லாமல் விட முடியாது. வீட்டு பிளான் அச்சடிக்கும் கடையில் கொடுத்திருந்தேன். அளவை மாற்றாதீர்கள் என்று தாளிலேயே எழுதிக் கொடுத்தும், தாளுக்குப் பொருந்தும்படி சுருக்கி அடித்துத் தந்தார்கள். ஸ்கேலை வைத்து அளந்தால் எதுவும் சேரவில்லை. திரும்பக் கொண்டுபோனால் "படம் நல்லாத்தானே சார் வந்திருக்கு" என்கிறார் கல்லாவில் இருப்பவர். அடிவரைபடத்துக்கு நான் நம்புவது டெக்சஸ் பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் அமெரிக்க ராணுவத்தின் யூ502 தாள்கள். ஒன்றுக்கு இரண்டரை லட்சம் அளவு, 1950களில் வந்தவை. இன்று அழிந்துபோன வண்டிப்பாதைகள் சில அதில் புள்ளிக்கோடாக இருக்கின்றன. சர்வே ஆஃப் இந்தியாவின் ஐம்பதாயிரம் அளவுத் தாள்கள் இன்னும் துல்லியம். ஆனால் எனக்கு வேண்டிய இடத்தில் நாலு தாள்களின் மூலைகள் கூடுகின்றன, அவற்றை ஒட்டுவதற்குத் தனிப் பொறுமை வேண்டும்.

எத்தனை கிலோமீட்டர் என்று உடனே கேட்பீர்கள். இறுதி எண்ணை இப்போது தரமாட்டேன், கேரளப் பக்கத்து ஜீப் தடங்களின் சரிபார்ப்பு பாக்கி இருக்கிறது. இதே பைத்தியம் பிடித்த ஒரு தம்பதி அமெரிக்காவில் யெல்லோஸ்டோனின் தோரோஃபேர் பகுதியைக் கண்டுபிடித்தார்கள். அங்கே சாலைக்கு 30 கிலோமீட்டருக்கு மேல். நமக்கு அதில் பாதிகூட வராது. ஆயத்தொலைவையும் கேட்காதீர்கள். காப்பகத்தின் மையப்பகுதி, அனுமதியில்லாமல் நுழைவது 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். பாபநாசம் வழியாகப் பொதிகைக்கு ஏறுவதை நிறுத்தி வருடங்களாகின்றன. கேரள வனத்துறை ஜனவரி வாக்கில் போனக்காட்டிலிருந்து விடுகிறார்களே, அதில் பதிவு செய்துதான் மேலிருந்து எட்டிப்பார்க்க வேண்டும். 2024 அக்டோபரில் நம் அரசு தொடங்கிய 40 மலையேற்றப் பாதைகளிலும் இந்தச் சரிவு கிடையாது.

ஆளே போகாத இடம் என்றும் நான் சொல்லவில்லை. காரையாற்றுக்கு மேலே இஞ்சிக்குழியில் காணிப் பழங்குடி மக்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு இது அன்றாடம் நடக்கிற காடு. சாலைக்கு எட்டாத இடம் என்று தெங்குமரஹாடாவைப் பலர் சொல்கிறார்கள். மாயாற்றைப் பரிசலில் கடந்து போகும் ஊர்தான், ஆனால் ஆற்றங்கரை வரை பஸ் போகிறது. என் கணக்கில் அது பட்டியலிலேயே இல்லை.

இதை முடிக்காமலே அடுத்ததில் கை வைத்துவிட்டேன். நேர்கோட்டுத் தொலைவுக்குப் பதில் நடைநேரம், கிராஸ் என்ற வரைபட மென்பொருளில் நடைநேரம் கணக்கிடும் ஆர்.வாக் கொண்டு. நீலகிரியின் முக்குருத்தியில் மேற்கு விளிம்பில் நின்றால் சைலன்ட் வேலி காலடியில் கிடக்கும். வரைபடத்தில் விரற்கடைத் தூரம், இறங்க வழி கிடையாது. நடைநேரக் கணக்கில் அந்தப் பக்கம் எவ்வளவு ஏறும் என்று பார்க்க வேண்டும். மாஞ்சோலை வேறு இருக்கிறது. 2024இல் தோட்ட வேலை நின்று ஆட்கள் இறங்கத் தொடங்கிய பிறகு, உள்தோட்டப் பாதைகளை இன்னும் எத்தனை காலம் 'ஆம்' என்று வைத்திருப்பது? இப்போதைக்கு அவற்றுக்கென்று நாலாவதாக ஒரு குறி போட்டிருக்கிறேன், வருகிற பிப்ரவரிப் படம் வந்ததும் ஒப்பிட்டுப் பார்க்க.