பீரோ சாவி யாரிடம் இருக்கிறது?

ஒரு பள்ளி நூலகம் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள எத்தனை புத்தகம் இருக்கிறது என்று கேட்க வேண்டாம். பீரோ சாவி எங்கே என்று கேளுங்கள். நூலகர் இல்லாத பள்ளிகள் பலவற்றில் அது ஏதோ ஒரு பாட ஆசிரியரின் மேசை டிராயரில் கிடக்கும். நூலகப் பொறுப்பு அவர் தலையில் விழுந்த கூடுதல் வேலை. புத்தகம் தொலைந்தால் கைக்காசு கட்ட வேண்டுமே என்று பூட்டி வைக்கிறார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

நூலக அறிவியல் படித்தவர் பயப்படமாட்டார், விதி தெரியும். மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017, விதி 215: ஓராண்டில் வழங்கிய, எடுத்துப் பார்த்த 1,000 நூல்களுக்கு 5 தொலைவது இயல்பான இழப்பு, அலட்சியமோ நேர்மைக் குறைவோ காரணமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட நூலோ அரிய நூலோ போனால் விசாரணை கட்டாயம். எல்லாப் பள்ளிகளுக்கும் இது நேரடியாகப் பொருந்தாது. ஆனாலும் தலைமையாசிரியரிடம் பேச நல்ல பிடி. நூலக அறிவியல் அறிஞர், சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் தந்த ஐந்து நூலக விதிகளில் முதலாவதே, நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பதுதான்.

அடுத்த சிக்கல் நேரம். 40 பிள்ளைகள், 40 நிமிட பீரியட். பதிவேட்டில் ஆளுக்கு ஒரு நிமிடம் எழுதினாலே மணி அடித்துவிடும். பிரௌன் முறை என்ற நூல் வழங்கும் முறையில் எழுத்து வேலையே இல்லை. புத்தகத்தின் பின்னட்டைப் பையிலிருக்கும் அட்டையை உருவி மாணவரின் பை போன்ற டிக்கெட்டுக்குள் செருகி, திருப்ப வேண்டிய தேதி எழுதிய அட்டைக்குப் பின்னால் தட்டில் வைத்தால் முடிந்தது. புத்தகத்தில் ஒட்டிய தேதிச் சீட்டில் முத்திரை குத்த மறந்தால் மட்டும் குழப்பம் வரும்.

நூலகரின் உண்மையான வேலை இனிமேல்தான்.

“மிஸ், யானை புக் இருக்கா?”

தலைப்பைப் பார்த்து அடுக்கிய பீரோ என்றால் ‘யானை’ என்று போட்ட கவிதைத் தொகுப்பும் விலங்கியல் நூலும் ஒன்றாக நிற்கும். கட்டுரைப் போட்டிக்கு வந்த பிள்ளை கவிதையோடு திரும்பும். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டுப் பிரிக்கும் டூயி பகுப்பில் யானை 599.67, தமிழ்க் கவிதை 894.8111, தமிழ்ப் புனைகதை 894.8113. ஆனால் எண் மட்டும் போதாது. தமிழ்க் கதைகள் அத்தனையும் ஒரே எண்ணில் குவியும் என்பதால், ஆசிரியர் பெயரின் முதல் எழுத்துகளையும் புத்தகத்தின் முதுகில் ஒட்டும் சீட்டில் சேர்க்க வேண்டும். அதை விட்டுவிட்டால் 300 கதைப் புத்தகங்களில் தேடித் துழாவ வேண்டியதுதான்.

அதற்கும் முன்னால் நூலகர் கேட்கும் ஒரு கேள்வி: “படம் பாக்கவா கண்ணு, போட்டிக்கா?” பிறகு நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து வாசிக்கச் சொல்வார். தெரியாத சொல்லுக்கு ஒரு விரல். ஐந்து விரலும் மடங்கினால் அந்தப் புத்தகம் இப்போதைக்குக் கனம். அதே எண்ணில் எளிதான இன்னொன்றை எடுப்பார். பாதியில் திருப்பித் தரும் பிள்ளையைத் திட்டமாட்டார். “எந்தப் பக்கத்துல நிறுத்தின?” என்று கேட்டு, அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைத் தேடப் போவார்.