ஏழாவது கேள்வி

மாமா தக்காளி ரசம் சாப்பிடுவதை விட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. வீட்டில் எல்லாருக்கும் தெரியும். மனசைப் பற்றிப் படிக்கிற எனக்கு மட்டும் தெரியாது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. பாலக்கோடு மண்டியிலிருந்து தக்காளி லோடு ஏற்றிக்கொண்டு சேலம், மதுரை என்று போகிற லாரி டிரைவர். இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். "எழுது பாப்பா. பேரும் வண்டி நம்பரும் மட்டும் போட்றாத" என்றார்.

நான் பெங்களூரில் கிளினிகல் சைக்காலஜியில் பிஎச்.டி. செய்கிறேன். விபத்து, வன்முறை, நெருப்பு மாதிரி ஏதாவது ஒன்றில் உயிர் பிழைத்தவர்களின் மனசுக்கு அப்புறம் என்ன ஆகிறது என்பதுதான் என் பகுதி. இங்கே வந்து சேரவே ஒரு யுகம் ஆனது. எம்.எஸ்சி. முடித்து, இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த இரண்டு வருஷ எம்.ஃபில். முடித்த பிறகுதான் கவுன்சிலின் பதிவு எண் கிடைத்தது. அந்த எம்.ஃபில். பட்டத்தையே யுஜிசி நிறுத்திவிட்டு, எங்கள் படிப்பு மாதிரி ஓரிரண்டுக்கு மட்டும் 2025-26 வரை நீட்டித்தது. அந்தக் குழப்பத்தை எழுதினால் தனிப் பதிவு ஆகிவிடும், விட்டுவிடுகிறேன். ஊரில் இத்தனையையும் சொல்ல முடியாது. "டாக்டருக்குப் படிக்குது, ஆனா மாத்திரை எழுதித் தராது" என்று அம்மா ஒரே வரியில் முடித்துவிடுவாள். அது சரியான விளக்கம்தான்.

டிராமா (trauma) என்பதற்குத் தமிழில் என்ன எழுதுவது என்று முதல் வருஷம் முழுக்க அல்லாடினேன். 'அதிர்ச்சி' என்றால் கரண்ட் ஷாக் ஞாபகம் வருகிறது. ஈழத்தில் 'மனவடு' என்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த சொல் அது. எங்கள் பக்கம் இதெல்லாம் கிடையாது, 'பயந்துக்கிச்சு' என்பார்கள். பயந்துகொண்ட பிள்ளைக்கு மந்திரித்துத் திருநீறு போடுவார்கள். பயந்துகொண்ட ஐம்பது வயது ஆம்பிளைக்கு எதுவும் போடமாட்டார்கள். அவர் பயந்துகொண்டதாகவே யாரும் சொல்லமாட்டார்கள்.

மாமாவின் விபத்து தொப்பூர் கணவாயில் நடந்தது. தருமபுரியிலிருந்து சேலம் போகும்போது அங்கே ரோடு இறக்கம். கட்டமேடு, இரட்டைப் பாலம் என்று பேர் சொன்னாலே இந்தப் பக்கத்து டிரைவர்கள் 'உச்' கொட்டுவார்கள். பின்னால் வந்த கனரக லாரிக்குப் பிரேக் பிடிக்கவில்லை. மாமாவின் வண்டியை இடித்து ஒதுக்கிவிட்டு, முன்னால் போன காரின் மேல் ஏறியது. மாமாவுக்குத் தோள்பட்டை எலும்பு விலகியதோடு சரி. காரில் இருந்தவர்களைப் பற்றி அவர் பேசமாட்டார்.

ஒரு வருஷம் தாண்டி, பொங்கல் லீவில் நான் ஊருக்கு வந்தேன். கையில் ஒரு நேர்காணல் படிவம். விபத்துக்குப் பிந்தைய மனவடு நோய் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க உலகம் முழுக்கப் பயன்படுகிற 'கேப்ஸ்-5'. 20 அறிகுறிகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். முக்கால் மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் பிடிக்கும். அதைத் தமிழில் கேட்டுப் பழக வேண்டியிருந்தது. ஆள் தேடி எங்கே போவது? திண்ணையில் மாமா உட்கார்ந்திருந்தார்.

"ஆக்சிடென்ட் ஞாபகம் வருதா மாமா?"

"கண்ணுக்குள்ளயே நிக்குது."

எழுதிக்கொண்டேன். அது திரும்ப நடப்பது போலவே தோன்றுகிற கட்டத்துக்கு நல்ல மதிப்பெண் போட்டேன். என்ன மடத்தனம்! கல்யாணத்தில் பார்த்த மணப்பொண்ணும்தான் கண்ணுக்குள்ளேயே நிற்கிறாள் என்கிறோம். அந்தக் கேள்வி தேடுவது வேறு: இருக்கிற இடம் மறந்துபோய், கால் தானாகப் பிரேக்கைத் தேடுகிறதா என்பது. நான் கேட்கவே இல்லை.

ஆறாவதும் ஏழாவதும் தவிர்த்தல் பற்றிய கேள்விகள். அந்த நினைவுகளைத் தவிர்க்கிறாரா, அதை நினைவூட்டும் இடங்களை, பொருள்களைத் தவிர்க்கிறாரா. "தவிர்க்கிறதா? நான் எதுக்கு தவிர்க்கணும்? நாளைக்கே லோடு இருக்குது" என்றார் கொஞ்சம் கோபமாக. இரண்டுக்கும் பூஜ்யம். இந்த இரண்டில் ஒன்றாவது இல்லாவிட்டால், மற்ற பதினெட்டும் எவ்வளவு இருந்தாலும் அந்த நோய் என்று எழுத முடியாது. விதி அப்படி. ஆக, என் படிவப்படி மாமாவுக்கு ஒன்றுமில்லை.

அன்று ராத்திரி மாமா தூங்கவில்லை. விடிகிற வரைக்கும் வாசலுக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் நடந்துகொண்டே இருந்தார். காலையில் அத்தை என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டு, வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார்: "அவர என்ன கேட்ட?"

சொன்னேன்.

"தவிர்க்கிறதில்லைன்னாரா? சேலம் லோடுன்னா தொப்பூர விட்டுட்டு அரூர் போயி மஞ்சவாடி வழியாத்தான் இறங்கறாரு. டீசல் காசு யாரு குடுப்பான்னு ஓனர் கத்தறான். இந்த வீட்டுல தக்காளி ரசம் வச்சு எத்தன நாளாச்சு தெரியுமா? நசுங்கின தக்காளி வாடையே ஆகறதில்ல. மண்டியில மூஞ்சியில துண்டு கட்டிக்கிட்டு நிக்கறாரு, கேட்டா சளிங்கறாரு."

தக்காளி லோடு கொட்டி நசுங்கிய ரோட்டில்தான் அவர் அன்றைக்கு உட்கார்ந்திருந்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பெங்களூர் திரும்பி என் வழிகாட்டியிடம் சொன்னபோது அவர் சத்தம் போடவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. சொந்தக்காரரை ஏன் உட்கார வைத்தாய் என்றார். திறந்தாய், மூடுவதற்கு யார் இருந்தார்கள் என்றார். கடைசியாக, "நீ அவர் முகத்தைப் பார்த்தாயா, பேப்பரையா?" என்றார். பதில் இல்லை.

பேசினால் பாரம் குறையும் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். ஒரு காலத்தில் பேரிடர் நடந்த உடனே எல்லாரையும் உட்காரவைத்து நடந்ததைக் கொட்டச் சொல்வது வழக்கமாகவே இருந்தது. அதனால் பலன் இல்லை என்று ஆய்வுகள் சொன்ன பிறகு, உலக சுகாதார நிறுவனமும் வேண்டாம் என்றுவிட்டது. இந்த மாவட்டத்தில் வளர்ந்தவளுக்கு இது புத்தகம் பார்த்துத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வாச்சாத்தி எங்கள் ஊரிலிருந்து ரொம்ப தூரம் இல்லை. 1992 ஜூன் 20-இல் அந்த மலைவாழ் மக்கள் கிராமத்தில் வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் செய்த கொடுமைக்கு, தருமபுரி நீதிமன்றம் 215 பேரைக் குற்றவாளிகள் என்று சொன்னது 2011 செப்டம்பரில். உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023 செப்டம்பரில். வன்கொடுமைக்கு ஆளான 18 பெண்கள் விசாரணை, அடையாள அணிவகுப்பு, கூண்டு என்று எத்தனை முறை அதைச் சொல்லியிருப்பார்கள்! அவர்கள் சொன்னது நியாயத்துக்காக. சொல்லச் சொல்லக் காயம் ஆறியிருக்கும் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். சிகிச்சையிலும் திரும்பச் சொல்ல வைக்கிறோம்தான். ஆனால் எப்போது, எவ்வளவு, எங்கே நிறுத்துவது என்கிற கடிவாளம் சொல்கிறவர் கையில் இருக்க வேண்டும். திண்ணையில் நான் அதைப் பிடுங்கிக்கொண்டேன்.

என் ஆய்வே அப்புறம் இந்த ஏழாவது கேள்வியைச் சுற்றித்தான் போய்விட்டது. கேள்வியைத் தமிழாக்குவோம், ஆங்கிலம் பார்க்காத இன்னொருவரை வைத்து அதைத் திரும்ப ஆங்கிலமாக்குவோம், இரண்டையும் ஒப்பிடுவோம். 'தவிர்க்கிறீர்களா' இந்தச் சோதனையில் ஜம்மென்று தேறிவிடும். ஆளிடம் கேட்டால்தான் தோற்கும், ஏனென்றால் நம் காதில் அது 'பயந்து ஒதுங்குகிறாயா' என்று விழுகிறது. இப்போது நான் கேட்டுப் பார்க்கிற கேள்வி: "முன்ன போய்க்கிட்டிருந்து இப்ப போகாத வழி ஏதாவது இருக்குதா? முன்ன சாப்பிட்டு இப்ப சாப்பிடாதது?" நெறிமுறைக் குழு அனுமதி வாங்கி, முன்பின் தெரியாதவர்களிடம், மூடுவதற்கு ஆள் வைத்துக்கொண்டு. ஓசூரில் ஒருத்தர், "எதுவும் இல்ல, ரோட்டத் தாண்டறதுக்கு மட்டும் பையனக் கூப்பிட்டுக்குவேன்" என்றார். பையனுக்கு ஏழு வயசு.

மாமாவைத் தருமபுரியில் ஒரு மனநல மருத்துவரிடம் காட்டினோம். பேச்சு சிகிச்சையை என்னோடு படித்த தோழி எடுத்துக்கொண்டாள். எட்டிலிருந்து பதினைந்து வாரம் போகிற வகை: நடந்ததைக் கண்மூடிச் சொல்லி, அதன் பதிவை வீட்டில் கேட்பது ஒரு பக்கம். ஒதுக்கிவைத்தவற்றைப் பட்டியல் போட்டு, சின்னதிலிருந்து ஒவ்வொன்றாக நெருங்குவது இன்னொரு பக்கம். ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு எவ்வளவு பயம் என்று மார்க் போடச் சொன்னாளாம். மாமா ஒத்துக்கொள்ளவில்லை. "மார்க்கெல்லாம் எனக்கு வராதும்மா, கியர்ல சொல்லட்டா?" என்றாராம். மேடு எந்தக் கியரில் ஏறுமோ அதே கியரில்தான் இறங்க வேண்டும், நியூட்ரலில் விட்டவன் பிழைக்கமாட்டான் என்று அவளுக்கே பாடம் எடுத்திருக்கிறார். அவளும் கியரையே எழுதிக்கொண்டாள்.

அந்தப் பட்டியலை மாமாவே என்னிடம் காட்டினார். நோட்டுத் தாளில் பால்பாயிண்ட் பேனாவில் ஒன்பது வரி. தக்காளியைக் கையில் பிடிப்பது, முடித்துக் கோடு போட்டாகிவிட்டது. ரசம், போன மாசம். பஸ்ஸில் டிரைவர் பின்சீட்டில் உட்கார்ந்து தொப்பூர் இறங்குவது, இரண்டு தடவை. காலி வண்டியோடு பகலில், பக்கத்தில் கிளீனரை வைத்துக்கொண்டு, ஒரு தடவை.

ஒன்பதாவது வரி மட்டும் அப்படியே இருக்கிறது: 'ராத்திரி, லோடோட, இரட்டப் பாலம்.' பக்கத்தில் கியர் எதுவும் போடவில்லை.